கெட்டியான ஆயில் டர்போவைக் காப்பாற்றாது

புதிதாக டர்போ கார் வாங்கியவருக்கு இலவசமாகக் கிடைக்கும் முதல் அறிவுரை இது: "நம் ஊர் வெயிலுக்கு இந்தத் தண்ணீர் மாதிரி ஆயில் தாங்காது சார். கெட்டியாக 20டபிள்யூ-50 ஊற்றிவிடலாம்." பட்டறையில் சொல்வார்கள், பெட்ரோல் பங்கில் சொல்வார்கள், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரும் சொல்வார். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. அம்பாசடர் ஓடிய காலத்தில் அது நல்ல யோசனைதான். ஆனால் ஒரு லிட்டர் கொள்ளளவும் மூன்று சிலிண்டரும் கொண்ட இன்றைய பெட்ரோல் டர்போவுக்கும் அதையே சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. கோபத்தோடு பேசினால் யாரும் கேட்பதில்லை என்பதால் எழுதிவிடுகிறேன்.

முதலில் டப்பாவின் மேல் இருக்கும் எண்கள். வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்ஏஇ வகுத்த ஜே300 என்ற அட்டவணைப்படி வருபவை இவை. அதன் தொடக்கம் 1911. 'டபிள்யூ' என்ற எழுத்துக்கு முன்னால் உள்ள எண், குளிரில் ஆயில் எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் காட்டுகிறது. குளிரில் இன்ஜின் சுழலுமா என்பதை 5டபிள்யூ ஆயிலுக்கு மைனஸ் 30 டிகிரி செல்சியஸிலும், 20டபிள்யூவுக்கு மைனஸ் 15 டிகிரியிலும் சோதிக்கிறார்கள். பின்னால் உள்ள எண், 100 டிகிரி சூட்டில் ஆயிலின் பாகுநிலையை, அதாவது கெட்டித்தன்மையைக் குறிக்கிறது. சென்டிஸ்டோக்ஸ் என்ற அலகில், 30 என்றால் 9.3 முதல் 12.5 வரை. 40 என்றால் 12.5 முதல் 16.3 வரை, 50 என்றால் 16.3 முதல் 21.9 வரை.

ஊட்டியில் உறைபனி விழும் நாளில்கூட மைனஸ் 15 வருவதில்லையே, பிறகு 5டபிள்யூ எதற்கு என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. வழக்கமான 5டபிள்யூ-30 ஆயிலையும் 20டபிள்யூ-50 ஆயிலையும் 40 டிகிரியில் ஒப்பிட்டால், பின்னதன் பாகுநிலை இரண்டு மடங்குக்கும் மேல். அதாவது கத்திரி வெயில் கொளுத்தும் மே மாதக் காலையில் வண்டியைக் கிளப்பினாலும், 20டபிள்யூ-50 ஆயில் சோம்பல் முறித்துக்கொண்டுதான் எழுந்து வரும். டர்போ இருப்பதோ ஆயில் பாதையின் ஒரு கோடியில். முதல் சில நொடிகள் அது அரைப்பட்டினி கிடக்கும்.

வெயில் வாதத்தில் இன்னோர் ஓட்டையும் இருக்கிறது. இன்ஜின் சூட்டைத் தீர்மானிப்பது வானிலை மட்டும் அன்று. தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டரும்தான் பெரும் பங்கு வகிக்கின்றன. சூடேறி நிதானமாக ஓடும் இன்ஜினில் ஆயில் 100 டிகிரியை ஒட்டி இருக்கும். வெளியே 25 டிகிரியா, 40 டிகிரியா என்பது அந்தக் கணக்கைக் கொஞ்சம்தான் மாற்றும். நெடுநேரம் முழு பாரத்தில் மலையேறுவதுதான் உண்மையான சோதனை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை ஐந்து பேரோடும் ஏசியோடும் ஏறும் காருக்குத்தான் சூட்டைப் பற்றிய கவலை வேண்டும். கிண்டி சிக்னலில் நிற்கும் காருக்குக் கவலை வேறு, அதற்குப் பிறகு வருகிறேன்.

டர்போவுக்குள் என்ன நடக்கிறது? ஒரு பக்கம் புகைக்காற்று தள்ளும் சக்கரம். பெட்ரோல் இன்ஜினில் அந்தக் காற்று 900 டிகிரியைத் தாண்டும். மறு பக்கம் காற்றை உறிஞ்சி அழுத்தும் சக்கரம். இரண்டையும் இணைக்கும் தண்டு, சிறிய டர்போக்களில் நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றுகளையும் தாண்டும். பெரும்பாலான கார்களில் அந்தத் தண்டு உருளைக் குண்டுகளின் மேல் சுழல்வதில்லை. மெல்லிய ஆயில் படலத்தின் மேல் மிதக்கிறது. அந்த ஆயிலுக்கு இரண்டு வேலை: தண்டைத் தாங்குவது, சூட்டை அள்ளிக்கொண்டு வெளியேறுவது. இரண்டாவது வேலைக்கு ஓட்டம் வேண்டும். கெட்டியாக இருந்தால் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் இந்த ஓட்டத்தை மறந்துவிடுகிறார்கள்.

மலையேறி வந்த சூட்டோடு இன்ஜினைச் சட்டென்று அணைத்தால், தேங்கி நிற்கும் ஆயில் அடிப்பிடித்த பால்போல உள்ளேயே கருகி ஒட்டிக்கொள்ளும். இப்போதைய பெட்ரோல் டர்போக்களில் பலவற்றுக்குத் தண்ணீர்க் குளிரூட்டல் உண்டு; அணைத்த பிறகும் சிறிய மின் பம்பு ஒன்று சில வண்டிகளில் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் பழைய காலம்போல ஐந்து நிமிடம் நின்று உறும வேண்டியதில்லை. நெடுஞ்சாலையிலிருந்து நேராக ஓட்டல் வாசலில் நிறுத்தினால் ஒரு நிமிடம் ஐடிலில் விடுங்கள். தெருவுக்குள் மெதுவாக உருட்டி வந்து வீட்டில் நிறுத்தினால் அதுவும் தேவையில்லை.

அடுத்ததுதான் பலருக்கும் தெரியாத இடம், எனக்குப் பிடித்த இடமும்கூட. ஒரே கடையில் இரண்டு டப்பாக்கள், இரண்டிலும் 5டபிள்யூ-30 என்று இருக்கிறது. இரண்டும் ஒன்றா? இல்லை. 150 டிகிரி சூட்டில், பேரிங்குக்குள் நசுங்கும் வேகத்தில், ஆயில் எவ்வளவு தாக்குப்பிடிக்கிறது என்று அளக்கும் எச்டிஎச்எஸ் என்ற சோதனை இருக்கிறது. ஜே300 அட்டவணைப்படி 20 கிரேடுக்கு அது குறைந்தது 2.6 இருக்க வேண்டும், 30-க்கு 2.9, 5டபிள்யூ-40-க்கு 3.5. ஐரோப்பிய கார் உற்பத்தியாளர் சங்கமான ஏசிஇஏ வகுத்த சி3 என்ற பிரிவில் 5டபிள்யூ-30 ஆயிலுக்கும் 3.5 இருந்தாக வேண்டும். ஆக, சி3 முத்திரை பெற்ற 5டபிள்யூ-30, அந்தக் கொடும் சூட்டில் ஒரு 5டபிள்யூ-40 ஆயிலுக்குரிய குறைந்தபட்ச வலுவோடு நிற்கிறது. பக்கத்தில் இருக்கும் சாதாரண 5டபிள்யூ-30 ஆயிலோ 2.9-ஐத் தாண்டினாலே தேறிவிடும். முன்பக்கத்து எண்ணை மட்டும் பார்த்து வாங்குபவருக்கு இந்த வித்தியாசம் கண்ணிலேயே படாது. டப்பாவைத் திருப்பிப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படிப்பவருக்குத்தான் படும். முன்பக்கத்தில் பெரிதாக 'டர்போ' என்று அச்சடித்திருந்தால் அது வடிவமைப்பாளரின் கைவண்ணம், அவ்வளவே.

பொடி எழுத்தில் பெட்ரோல் டர்போக்காரர்கள் தேட வேண்டிய இன்னொன்று, அமெரிக்க பெட்ரோலியக் கழகத்தின் குறியீடு. 2020 மே மாதம் வந்த ஏபிஐ எஸ்பி, அல்லது 2025-இல் வந்த எஸ்கியூ. காரணம் இருக்கிறது. சிலிண்டருக்குள்ளேயே நேரடியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் டர்போ இன்ஜின்களில், குறைந்த சுற்றில் ஆக்சிலேட்டரை ஓங்கி மிதித்தால், பிளக் பொறி தருவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்வதுண்டு. பிஸ்டன் உடைந்த கதைகளும் உண்டு. ஆயிலில் அழுக்கு நீக்கியாகச் சேர்க்கும் கால்சியம் இதைத் தூண்டுகிறது என்று கண்டுபிடித்த பிறகு, கால்சியத்தைக் குறைத்து மக்னீசியத்தைச் சேர்த்தார்கள். எஸ்பி தரத்துக்கான சோதனைகளில் இதுவும் ஒன்று, டைமிங் செயின் தேய்மானம் இன்னொன்று. நம் கடைகளில் கிடைக்கும் 20டபிள்யூ-50 டப்பாக்கள் பலவற்றில் இன்னும் எஸ்எல், எஸ்எம் என்ற பழைய எழுத்துகளே இருக்கின்றன. அந்த ஆயில்கள் உருவானபோது இந்தச் சிக்கலுக்கான சோதனையே கிடையாது. 'கெட்டியாக ஊற்றிவிடலாம்' என்ற அறிவுரையில் உண்மையில் ஆபத்தான பகுதி இதுதான், பாகுநிலைகூட இரண்டாம்பட்சம். கூடவே ஒன்று: மேட்டில் ஐந்தாவது கியரில் 1500 சுற்றில் வண்டியைத் திணறவிடாதீர்கள். கியரைக் குறையுங்கள். மைலேஜ் வெறியில் செய்யும் இந்தச் சிக்கனம் பிஸ்டனுக்குக் கெடுதல்.

தவறான ஆயிலால் வேறு பாகமும் அடிவாங்கும் என்பதற்கு ஃபோர்டு ஈகோஸ்போர்ட் நல்ல உதாரணம். மறைமலைநகரில் தயாராகி அமெரிக்கா வரை போன வண்டி. அதன் ஒரு லிட்டர் ஈகோபூஸ்ட் இன்ஜினில் ரப்பர் பெல்ட் ஆயிலில் நனைந்தபடியே சுழலும் அமைப்பு உண்டு. அதற்கென்றே 5டபிள்யூ-20 கிரேடில் டபிள்யூஎஸ்எஸ்-எம்2சி948-பி என்று தனிக் குறியீடு வைத்தார்கள். ரப்பருக்கு ஒவ்வாத ஆயிலை ஊற்றினாலோ, மாற்றாமல் இழுத்தடித்தாலோ பெல்ட் உதிரத் தொடங்கும். உதிர்ந்த துகள்கள் ஆயில் உறிஞ்சும் வடிகட்டியை அடைக்கும். அழுத்தம் விழுந்தால் முதல் பலிகளில் டர்போவும் ஒன்று. 2023 இறுதியில் அமெரிக்காவில் ஈகோஸ்போர்ட், ஃபோகஸ் இரண்டிலுமாகச் சுமார் 1.4 லட்சம் வண்டிகளை இந்த இன்ஜினின் ஆயில் பம்பு பெல்ட் பிரச்சினைக்காகத் திரும்ப அழைத்தார்கள். அந்த அழைப்புக்கு உரிமையாளர்கள் ஊற்றிய ஆயில் காரணம் இல்லை. ஆனால் அந்த பெல்ட் எவ்வளவு நோஞ்சான் என்பது தெரிகிறது அல்லவா? நம் ஊரில் ஈகோபூஸ்ட் ஈகோஸ்போர்ட்டைப் பழைய வண்டியாக வாங்கியவர்கள், முந்தைய உரிமையாளர் என்ன ஊற்றினார் என்று பில்லைக் கேட்டுப் பாருங்கள்.

இனி எதிர் முகாம். 0டபிள்யூ-20 என்பதே அரசாங்கங்களின் மைலேஜ் விதிக்காகக் கம்பெனிகள் செய்யும் சதி என்பவர்கள். பாதி உண்மை. எரிபொருள் சிக்கன விதிகள்தான் மெல்லிய ஆயிலை நோக்கித் தள்ளின. ஆனால் அப்படி உருவான இன்ஜினின் பேரிங் இடைவெளியும் ஆயில் பம்பும் அந்த ஆயிலை மனத்தில் வைத்தே வரையப்பட்டவை. சதியைக் கண்டுபிடித்துவிட்டோம் என்ற பெருமையில் 50 கிரேடை ஊற்றினால் இன்ஜின் நமக்கு நன்றி சொல்லப் போவதில்லை.

என் வழக்கம் இது. கையேட்டைத் திறக்கிறேன். ஒரே கிரேடும் ஒரே குறியீடும் கொடுத்திருந்தால், வாரண்டி இருக்கும் வரை அதைத் தாண்டி யோசிப்பதே இல்லை. 5டபிள்யூ-30, 5டபிள்யூ-40 என இரண்டு கொடுத்திருந்தால், நீலகிரியும் வால்பாறையும் அடிக்கடி போகிற எனக்கு 40. ஊருக்குள்ளேயே ஓட்டுபவருக்கு 30 போதும். கிரேடு பொருந்திக் குறியீடு பொருந்தாத ஆயில் எவ்வளவு விலை உயர்ந்ததானாலும் எடுப்பதில்லை. பிராண்டு பற்றி எனக்குப் பெரிய பிடிவாதம் கிடையாது; போலி டப்பா பற்றித்தான் பயம். பில்லோடு வாங்குகிறேன், காலி டப்பாவின் மூடியையும் லேபிளையும் சிதைத்துவிட்டுத்தான் போடுகிறேன்.

பிஎஸ்6 மாசு விதிப்படி வந்த டீசல் வண்டிக்காரர்களுக்குச் சுருக்கமாக: புகைக் குழாயில் கரித்துகள் வடிகட்டி இருக்கும். கரியை அது எரித்துவிடும், ஆயிலிலிருந்து வரும் சாம்பலை எரிக்க முடியாது. எனவே கையேடு சொல்லும் குறைந்த சாம்பல் ஆயிலைத் தவிர வேறெதையும் ஊற்றாதீர்கள். வடிகட்டியின் விலையைக் கேட்டால் விவாதம் தானாக முடிந்துவிடும்.

கிண்டி சிக்னலுக்கு வருகிறேன். கிரேடு பற்றி மணிக்கணக்கில் பேசுபவர்கள், மாற்றும் இடைவெளி பற்றி ஒரு வரியும் பேசுவதில்லை. பல கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு என்கிறார்கள். அதே கையேட்டில் 'கடினமான பயன்பாடு' என்று ஒரு பக்கம் இருக்கும்: நெரிசல், தூசி, குறுகிய ஓட்டம், மலை. அதைப் படித்தால் சென்னைக்காரர் ஒவ்வொருவருக்கும் தன் பெயரே எழுதியிருப்பதுபோலத் தோன்றும். இரண்டு கிலோமீட்டர் ஓட்டி அணைத்துக்கொண்டே இருந்தால், எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் கலந்து நிற்கும். அவை ஆவியாகிப் போகுமளவுக்கு ஆயில் சூடாவதே இல்லை. அப்படிக் கலந்த பிறகு நீங்கள் ஊற்றிய 40, 40-ஆக இருப்பதில்லை. நெரிசலில் ஓடும் டர்போவுக்கு நான் 7,000 கிலோமீட்டரைத் தாண்டவிட மாட்டேன். கம்பெனி 10,000 என்றாலும் சரி.

ஈரோட்டுச் சித்தப்பா இதைப் படித்துவிட்டு "அப்படியென்றால் என் ஜீப்பு?" என்று கட்டாயம் கேட்பார். சித்தப்பா, உங்களுடையது பழைய டர்போ டீசல், கரித்துகள் வடிகட்டி கிடையாது, கையேட்டிலும் 15டபிள்யூ-40 என்றுதான் இருக்கிறது. டீசலுக்கான ஏபிஐ சிஐ-4 குறியீடு போட்ட 15டபிள்யூ-40 ஆயிலையே தாராளமாக ஊற்றுங்கள். ஆயிலை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய ஆயில் ஃபில்டரையே திரும்பத் திருகி வைக்கும் வழக்கம் மட்டும் இனி வேண்டாம்; ஃபில்டருக்கான பணத்தை நானே அனுப்பிவிடுகிறேன்.