பயாஸ் கொடுத்ததை கெர்னல் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை

கணினியில் செருகும் கார்டுகளுக்கு மெமரி முகவரி கிடைப்பது பற்றி ஒரு கட்டுரையில் "பயாஸ் ஒதுக்கிய முகவரிகளை லினக்ஸ் படித்துக்கொள்ளும், அவ்வளவுதான்" என்று இருக்கிறது (பயாஸ் என்பது கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் மென்பொருள்). பாதிதான் சரி. கார்டுகளை இணைக்கும் தடமான பிசிஐ பஸ்ஸில், பொதுவாக 32 டிவைஸ் இடங்களையும் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலே தட்டிப் பார்க்கிறது. வெண்டர் ஐடியை (தயாரிப்பாளர் எண்) கேட்டால் எல்லா பிட்டும் 1 ஆக வந்தால் அங்கே ஆள் இல்லை. ஒரு டிவைஸுக்குள் ஃபங்ஷன் எனும் உட்பிரிவுகள் எட்டு வரை இருக்கலாம்; ஃபங்ஷன் 0 இல்லையென்றால் பொதுவாக மீதி ஏழையும் தேடாது.

ஒரு கார்டுக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று அறியும் விதம்தான் அழகு. அதன் பார் ரெஜிஸ்டரில் (கார்டின் தொடக்க முகவரியை வைத்திருக்கும் இடம்) 32 பிட்டும் 1 என எழுதித் திரும்பப் படிக்கும். மேல் 12 பிட் மட்டும் 1 ஆக நின்றால், மீதி 20 பிட்டுக்குரிய 1 எம்பி வேண்டும் என்று பொருள் (கீழ் 4 பிட் வகைக் குறிப்பு, கணக்கில் வராது). இதற்கு முன் மெமரி டிகோடை, அதாவது கார்டு தன் முகவரிக்குப் பதில் சொல்வதை, அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்தச் சில கணம் கார்டு வேறொருவர் முகவரிக்குப் பதில் சொல்லிவிடும்.

சிக்கல் வருவது பெரும்பாலும் ஒரு பஸ்ஸை இன்னொன்றுடன் இணைக்கும் பிரிட்ஜில். பின்னால் இருக்கும் எல்லா கார்டும் அதன் ஜன்னலுக்குள் (பிரிட்ஜ் கடத்திவிடும் முகவரி வரம்பு) அடங்க வேண்டும். பிரிஃபெட்ச் (முன்கூட்டியே படித்துவைத்தல்) இல்லாத ஜன்னல் 4 ஜிபிக்குக் கீழேதான் இருக்க முடியும். கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெசேஜில் 'நோ ஸ்பேஸ்' என்று தெரிந்தால், பயாஸில் 'அபோவ் 4ஜி டிகோடிங்' போடுங்கள். தீராவிட்டால் பூட் வரியில் (தொடங்கும்போது கெர்னலுக்குத் தரும் கட்டளை வரி) 'பிசிஐ=ரீஅலாக்' சேர்த்துப் பாருங்கள். எந்த முகவரி யாருக்குப் போயிருக்கிறது என்று பார்க்க, பிராக் அடைவிலுள்ள ஐஓமெம் கோப்பை ரூட்டாக (முழு உரிமையுள்ள நிர்வாகியாக) படியுங்கள். சாதாரணப் பயனருக்கு முகவரிகள் எல்லாம் பூஜ்யமாகத்தான் காட்டும்.