நாய்க்கு ஓட இடம் வேண்டும், ஆனால் உடவத்தகலேயில் வேண்டாம்

உடவத்தகலே சரணாலயத்துக்குள் நாய்களையும் நடக்கக் கூட்டிப்போக விட வேண்டும் என்று கண்டியில் நாய் வளர்க்கும் நண்பர்கள் சிலர் சொல்கிறார்கள். நானும் நாய் வளர்ப்பவள்தான். ஆனாலும் இதற்கு என்னால் உடன்பட முடியாது.

தலதா மாளிகைக்குப் பின்னால் 104 ஹெக்டேயர் காடு அது. ராஜா காலத்தில் அரண்மனை வனம், 1856இல் ஒதுக்குக் காடு, 1938இல் சரணாலயம். டவுன் இரைச்சலை விட்டுக் கொஞ்சத் தூரம் ஏறி லேடி ஹோர்ட்டன் பாதையில் நடந்தால் மனசு லேசாகிவிடும். மழை விட்ட மறுநாள் அட்டை பிடுங்கி எடுக்கும். அதற்காகக் காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டாவது போவோம்.

சருகுமான், கேளையாடு, முள்ளம்பன்றி, மரநாய் எல்லாம் அங்கே இருக்கின்றன. நாம் அவற்றைக் காண்பது அபூர்வம், நம் காலடி கேட்டதுமே ஒதுங்கிவிடும். நாய் வந்தால் கதை வேறு. கயிற்றில் பிடித்திருந்தாலும் அதன் வாடை பாதையில் தங்கும், மானுக்கு அது வேட்டை மிருகத்தின் வாடை. விசர் நோயும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயும் நாயிடமிருந்து காட்டு மிருகங்களுக்குத் தொற்றும். சுற்றிலும் வீடும் ரோடும் இருக்கும்போது அவை தப்பி எந்தக் காட்டுக்குப் போகும்?

அதற்காக நாயைச் சங்கிலியிலேயே கட்டிவைக்கச் சொல்லவில்லை. தோட்டத்து லயங்களில் நாய் அவிழ்த்துவிட்டபடிதான் வளரும். கொழுந்து பறிக்கப் போகிறவர்களோடு மலைக்குப் போகும், பொழுது சாயத் திரும்பி வரும். அதே குடும்பம் டவுனில் வாடகை வீட்டுக்கு வந்து பின்பக்கத்தில் கட்டிப்போட்டால் நாளெல்லாம் குரைக்கத்தான் செய்யும். அதைப் பொல்லாத நாய் என்று ஏசுவது பெரிய அநியாயம். வாவிக்கரைக்குக் கூட்டிப்போனாலும் வாகனம், சனநெரிசல், கட்டாக்காலி நாய்களோடு சண்டை.

நாய்களுக்கென்றே வேலியடைத்த ஒரு திடல் வேண்டும். கயிற்றை அவிழ்க்கும்போது ரோட்டுக்குப் பாய்ந்துவிடாமல் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கேட், சின்ன நாய்களுக்குத் தனிப் பகுதி, தண்ணீர்க் குழாய், கழிவு போட மூடியுள்ள தொட்டி. விசர் தடுப்பூசி அட்டையை வாசலில் பார்த்தே உள்ளே விட வேண்டும், இதில் மட்டும் தயவு தாட்சண்யமே கூடாது. அப்புறம், நம் மழைக்குச் சேறாகாமல் வாய்க்கால் வெட்ட வேண்டும். சரிவான காணியானாலும் பரவாயில்லை, நாய்க்கு மேடு பள்ளம் ஒரு பொருட்டா?

மாநகர சபைக்கு மனு எழுதப் போகிறேன். கையொப்பமிட விரும்புகிறவர்கள் சொல்லுங்கள். கட்டுகஸ்தோட்டை, அஸ்கிரிய பக்கம் சும்மா கிடக்கும் அரச காணி தெரிந்தால் அதையும் எழுதுங்கள், மனுவில் சேர்க்கிறேன்.