எழுத்தறியாத பெற்றோரும் உதவ முடியும்

பெற்றோர் படிக்காதவர்களாக இருந்தால் பிள்ளையின் வாசிப்புக்கு வீட்டில் எதுவும் செய்ய இயலாது, அது முழுக்கப் பள்ளியின் வேலை என்று சிலர் சொல்வது தவறான முடிவுக்கு இட்டுச் செல்கிறது. 1986இல் கஃப், டன்மர் என்னும் ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கத்தின்படி, வாசித்துப் புரிந்துகொள்ளுதல் என்பது எழுத்தை ஒலியாக்கும் திறன், பேச்சுமொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன் ஆகிய இரண்டின் பெருக்கற்பலன். ஒன்று பூச்சியமானால் விளைவும் பூச்சியமே. தமிழின் 247 எழுத்துகளையும், ‘பட்டம்’, ‘பாடம்’ போன்ற சொற்களில் டகரம் ஒலி மாறுவதையும் முறையாகக் கற்பிப்பது பள்ளியின் கடமை. அதைப் பெற்றோர் தலையில் கட்டுவது அநீதி என்றே கருதுகிறேன். ஆனால் சொல்வளம் பெரிதும் வீட்டுப் பேச்சில் வளர்வது. கையெழுத்திடத் தெரியாத பாட்டி சொல்லும் கதையும், பிள்ளை உரக்க வாசிப்பதை அருகிலிருந்து கேட்டு, “அப்புறம் என்ன ஆயிற்று?” என்று தந்தை விசாரிப்பதும் மெய்யான உதவிகளே.