பதினாறு வயது கோச்

அமெரிக்காவில் பிள்ளைகளுக்கு இலவச பேஸ்பால் பயிற்சி முகாம் என்று அறிவிப்பு வந்தால், மேஜர் லீக் என்ற உச்சத் தொழில்முறை லீக்கில் ஆடிய எந்த முன்னாள் வீரர் வருகிறார் என்றுதான் பெற்றோர் நாம் முதலில் பார்க்கிறோம். பக்கத்து ஹைஸ்கூல் அணியிலிருந்து எத்தனை பேர் வருகிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. ஒன்பது வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க, பதினைந்து வருடம் தொழில்முறையில் ஆடியவரைவிட, சில வருடம் முன்புவரை அதே தப்பைச் செய்துகொண்டிருந்த பதினாறு வயதுக்காரன் தேவலை.

பந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றளவு 9 அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட, எடை 5 அவுன்ஸ் சொச்சம். லிட்டில் லீக் என்ற சிறுவர் பேஸ்பால் அமைப்பில் சின்னவர்களுக்காக மைதானத்தைச் சுருக்கியிருக்கிறார்கள். ஓடித் தொட வேண்டிய பேஸ்களுக்கு நடுவே 90 அடிக்குப் பதில் 60 அடி. பிட்ச்சர் (பந்தெறிபவர்) எறியும் தூரம் 60 அடி 6 அங்குலத்துக்குப் பதில் 46 அடி. ஆனால் பந்து மட்டும் பெரியவர்கள் ஆடும் அதே அளவு. தையலுக்குக் குறுக்கே இரண்டு விரலை வைத்து, கீழே கட்டைவிரலை வை என்று முன்னாள் நட்சத்திரம் அழகாகக் காட்டுவார். பிள்ளையின் கைக்குள் பந்து நிற்காது, நழுவும். பக்கத்தில் நிற்கும் ஹைஸ்கூல் பையன் குனிந்து, “உனக்கு இப்போ மூணு விரல் வெச்சுக்கோ, கை வளர்ந்ததும் ரெண்டாக்கிக்கலாம்” என்பான். தன் கை சின்னதாக இருந்தது அவனுக்கு இன்னும் மறக்கவில்லை. பெரியவர்களுக்கு அது எப்போதோ மறந்துபோயிற்று.

பயமும் அப்படித்தான். பந்து வரும்போது கண்ணை மூடித் தலையைத் திருப்பிக்கொள்ளும் குழந்தையிடம் “பயப்படாதே” என்று கத்துவது எங்களைப் போன்ற அப்பாக்களின் வேலை. இதுவரை அதனால் ஒரு குழந்தைக்கும் பயம் போனதாக நான் பார்த்ததில்லை. மூத்த பையன்களும் பெண்களும் வேறு மாதிரி செய்கிறார்கள். தங்களுக்கு எங்கே அடிபட்டது என்று பெருமையாகக் காட்டுகிறார்கள், அப்புறம் பந்தைப் பிடிக்கும் தோல் கையுறையான கிளவைக் கழற்றச் சொல்லிவிட்டு டென்னிஸ் பந்தை மெதுவாகப் போடுகிறார்கள். சிரிப்பும் விளையாட்டுமாகக் கொஞ்ச நேரத்தில் கண் திறந்துவிடுகிறது.

முன்னாள் வீரர்கள் வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. மேஜர் லீக் முன்னாள் வீரர்கள் சங்கம் பல ஊர்களில் இலவச முகாம் நடத்துகிறது. நல்ல காரியம். ஜான் யங் என்ற முன்னாள் வீரர்தான் 1989இல் தெற்கு லாஸ் ஏஞ்சல்ஸில், நகர்ப்புறங்களில் பேஸ்பாலுக்கு மறுபடி உயிர் கொடுக்கும் ஆர்.பி.ஐ. திட்டத்தைத் தொடங்கினார். நகர்ப்புறத்துப் பிள்ளைகள் பேஸ்பாலை விட்டு விலகிப் போகிறார்கள் என்று அவர் அன்றைக்கே கவலைப்பட்டார். 2006இல் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்துக் காம்ப்டனில் மேஜர் லீக் திறந்த யூத் அகாடமி என்ற இளையோர் பயிற்சி மையத்திலும் கட்டணம் கிடையாது. இவ்வளவுக்குப் பிறகும், 1980களின் தொடக்கத்தில் மேஜர் லீக்கில் 18 சதவீதம் அளவில் இருந்த கறுப்பின அமெரிக்க வீரர்கள் 2024இல் 6 சதவீதம்தான். இதற்குக் காரணம் பல உண்டு என்றாலும், பணம் சின்னக் காரணம் இல்லை. ஊர் ஊராகப் போய் ஆடும் ட்ராவல் பால் அணியில் சேர்ந்தால் கட்டணம், ஓட்டல், பெட்ரோல், தனிப் பயிற்சி என்று ஒரு குடும்பத்துக்கு என்ன ஆகும் என்பது அதில் மாட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும்.

அதனால்தான் “இலவசம்” என்ற பலகையை நான் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்கிறேன். நுழைவுக்குக் காசு இல்லை, ஆனால் கிளவ், பேட், ஹெல்மெட் கொண்டு வர வேண்டும் என்றால் அது யாருக்கு இலவசம்? ஏற்கெனவே எல்லாம் வைத்திருப்பவனுக்கு. வேறு சில முகாம்களில் பொருளெல்லாம் தருவார்கள், மறுநாளே ஒரு கட்டண அணியிலிருந்து அழைப்பு வரும். நாம் எழுதிக் கொடுத்த போன் நம்பர் அங்கே போய்ச் சேர்ந்திருக்கும்.

பொருள் தரும் முகாம்களிலும் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். நன்கொடைப் பெட்டியில் இருக்கும் கிளவ் எல்லாம் பெரும்பாலும் இடது கையில் மாட்டுவது. இடது கையால் எறியும் பிள்ளைக்கு வலது கையில் மாட்டும் கிளவ் வேண்டும், அது பெட்டியில் இருக்காது. “இன்னிக்கு இதை வெச்சுச் சமாளி” என்பார்கள். தப்பான கையில் கிளவ் மாட்டிய குழந்தை அன்று முழுக்கப் பந்தை விட்டுக்கொண்டே இருக்கும், தனக்கு இந்த விளையாட்டு வராது என்று முடிவுகட்டிவிட்டு வீட்டுக்குப் போகும். உதவிக்கு வந்தவர்களில் இடது கைக்காரர் ஒருவர் இருந்தால் இதைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவார்.

பெண்பிள்ளைகள் விஷயமும் இருக்கிறது. லிட்டில் லீக் 1974இல் கதவைத் திறந்தது. 2014இல் பதின்மூன்று வயது மோனே டேவிஸ், லிட்டில் லீக் உலகத் தொடரில் எதிரணிக்கு ஒரு ரன்னும் கொடுக்காமல் ஜெயித்த முதல் பெண் பிட்ச்சர் ஆனார். இருந்தாலும் என் மகளிடம் “சாஃப்ட்பால் பக்கம் போகலாமே” என்று, பெண்களுக்கென்றே நினைக்கப்படும் அந்த மாற்று விளையாட்டைக் காட்டிச் சிரித்துக்கொண்டே சொல்லும் பெரியவர்களுக்குக் குறைவில்லை. பேஸ்பால் ஆடும் மூத்த பெண் ஒருத்தி முகாமில் இருந்தால் அந்தப் பேச்சே எழுவதில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியம் கை. 2007 முதல் லிட்டில் லீக்கில் பிட்ச் கணக்கு, அதாவது ஒரு பிட்ச்சர் ஒரு நாளில் எத்தனை பந்து எறியலாம் என்ற வரம்பு, உண்டு. ஒன்பது, பத்து வயதுக்கு ஒரு நாளைக்கு 75, பதினொன்று, பன்னிரண்டு வயதுக்கு 85. 66 அல்லது அதற்கு மேல் எறிந்தால் நான்கு நாள் ஓய்வு. நல்ல விதிதான். ஆனால் அதே பையன் சனி, ஞாயிறில் இன்னொரு அணிக்கும் எறிந்தால் மொத்தக் கணக்கை யார் வைப்பது? வளைந்து வரும் கர்வ் பால் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்கும் பெற்றோர் வேறு. பன்னிரண்டு வயதுவரை வேகமாக எறியும் ஃபாஸ்ட்பாலும் அதே மாதிரி எறிந்தாலும் மெதுவாக வரும் சேஞ்ச்அப்பும் போதும் என்று மேஜர் லீக்கும் யுஎஸ்ஏ பேஸ்பால் என்ற தேசிய அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட பிட்ச் ஸ்மார்ட் வழிகாட்டியே சொல்கிறது. யார் படிக்கிறார்கள்? ஒரு முகாமில் ஹைஸ்கூல் பையன் ஒருவன் முழங்கை அறுவை சிகிச்சைத் தழும்பைச் சின்னவர்களிடம் காட்டி, “வலிக்குதுன்னு சொல்ல வெட்கப்பட்டேன், ஒரு சீசன் போச்சு” என்றான். சுற்றி நின்ற பெற்றோர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

சரி, பதினாறு வயதுக்காரர்களை அவிழ்த்துவிட்டால் போதுமா? போதாது. சொந்தத் திறமையைக் காட்ட ஆரம்பித்துவிடுவார்கள், சின்னவர்கள் வரிசையில் நின்று புல்லைப் பிடுங்கிக்கொண்டிருப்பார்கள். முகாமுக்கு முன்னால் அவர்களுக்கு ஒரு மணி நேரமாவது சொல்லித்தர வேண்டும். ஒருவருக்கு நான்கைந்து பிள்ளைகளுக்கு மேல் கூடாது, யாரும் வரிசையில் காத்திருக்கக் கூடாது. பெரியவர்கள் பார்வையில் படும்படியாகவே எல்லாம் நடக்க வேண்டும், தனியாக ஒரு குழந்தையை எங்கும் கூட்டிப் போகக் கூடாது. அந்தப் பெரியவர்களுக்கும் இதே கட்டுப்பாடு உண்டு. விளையாட்டில் சிறுவர்களைப் பாதுகாக்க 2018இல் வந்த சேஃப் ஸ்போர்ட் சட்டம் இதைத்தான் வலியுறுத்துகிறது.

கல்லூரி விண்ணப்பத்துக்குச் சேவை நேரம் காட்டத்தான் இந்தப் பிள்ளைகள் வருகிறார்கள் என்று சிலர் குறை சொல்கிறார்கள். வரட்டுமே! எதற்கு வந்தாலும், ஒரு குழந்தைக்கு, தரையில் உருண்டு வரும் கிரவுண்டரை எப்படிப் பிடிப்பது என்று வாயால் விளக்க வேண்டி வரும்போதுதான், தான் எங்கே காலை வைக்கிறோம் என்பதே அவர்களுக்குப் புரிகிறது.

முகாம் நடத்துகிறவர்களிடம் எனக்கு ஒரே ஒரு கோரிக்கை. கையெழுத்து, போட்டோ, டி-ஷர்ட் என்று ஒரு நாள் திருவிழாவுக்கு ஆகும் செலவில் பாதியை எடுத்து, அதே ஹைஸ்கூல் பிள்ளைகளை வைத்து ஆறு சனிக்கிழமை நடத்துங்கள். அதே குழந்தைக்கு வாராவாரம் அதே அண்ணனோ அக்காவோ கிடைக்கும்படி பெயர்ப் பட்டியல் போடுங்கள். நட்சத்திரத்தைக் கடைசி சனிக்கிழமை கூப்பிட்டுக்கொள்ளலாம்.