ஊர்க் கதையை ஊர்க்காரர்கள் சொல்லட்டும்

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் ஒரு மலையடிவாரத்தில் கூடி, மேலே ஏறி, கல்வெட்டைப் பற்றி ஒருவர் சொல்லக் கேட்டுவிட்டு, சேர்ந்து சாப்பிட்டுக் கலைவதால் என்ன ஆகிவிடப் போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் அரிட்டாபட்டியைத்தான் காட்டுவேன்.

மதுரை மாவட்டத்தில் மேலூர்ப் பக்கத்து ஊர். அங்கே கழிஞ்சமலையைச் சுற்றித் தமிழி என்னும் மிகப் பழைய தமிழ் எழுத்தில் கல்வெட்டுள்ள சமணர் குகை, வட்டெழுத்து என்னும் இன்னொரு பழைய தமிழ் எழுத்தோடு தீர்த்தங்கரர் சிற்பம், பாண்டியர் காலத்துக் குடைவரைச் சிவன் கோயில், அதில் தமிழ்நாட்டில் அதிகம் காணக் கிடைக்காத, சிவனின் வடிவமாகக் கருதப்படும் இலகுலீசர் சிற்பம். 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதியைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. 72 ஏரிகளும் 200 ஊற்றுகளும் கொண்ட இடம் என்று அந்த அறிவிப்பே சொல்கிறது. இரண்டே வருடத்தில், 2024 நவம்பரில், இதையும் உள்ளடக்கிய 2,000 ஹெக்டேருக்கும் அதிகமான நிலம் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போன செய்தி வந்தது.

அப்புறம் நடந்ததை நாடே பார்த்தது. ஊர் ஊராகக் கிராமசபைத் தீர்மானங்கள். டிசம்பரில் சட்டமன்றத் தீர்மானம். 2025 ஜனவரியில் பெண்களும் பெரியவர்களுமாகப் பெருங்கூட்டம் மதுரையை நோக்கி நடந்தது. அந்த மாதமே ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. இந்த வெற்றி அந்த மக்களுடையது, வேறு யாரும் பங்கு கேட்க முடியாது. ஆனால் வயலையும் கண்மாயையும் பற்றிப் பேசிய அதே மூச்சில் கல்வெட்டையும் சமணர் படுக்கையையும் (சமணத் துறவிகள் தங்கப் பாறையில் வெட்டிய படுக்கை) பற்றி அவர்கள் பேசினார்களே, அதைக் கவனித்தீர்களா? ஆய்வாளர்களின் கட்டுரைகளில் கிடந்த செய்தி ஊர்வாய்க்கு வந்து சேர்ந்ததில் பல வருட உழைப்பு இருக்கிறது. யானைமலையைச் சிற்ப நகரமாக்கும் திட்டத்தை 2010இல் மக்கள் எதிர்த்து நிறுத்தியதை ஒட்டி, எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் முன்னெடுத்த பசுமை நடை என்ற, நான் முதலில் சொன்ன மாதிரியான நடை இயக்கம் அதில் முக்கியமானது. தொல்லியல் அறிஞர் சொ. சாந்தலிங்கம் போன்றவர்கள் பாறை மேல் நின்று பாமரருக்கும் புரியும்படி விளக்கினார்கள். அறிஞர் அரங்கத்தை விட்டு இறங்கி வந்தால் ஊருக்கு எவ்வளவு பலம் என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல சான்று இல்லை.

இதைச் சொல்லிவிட்டு என் ஆதங்கத்தையும் சொல்கிறேன். உள்ளூர் வரலாற்று நிகழ்ச்சிகள் பெருகிவருவதில் எனக்கு மகிழ்ச்சிதான். சென்னையில் 2004இலிருந்து ஆகஸ்ட் மாதம் வந்தால் மெட்ராஸ் தின நடைகள் களைகட்டுகின்றன. ஆனால் பொதுவாக எங்கே போனாலும் பேசுகிறவர் வெளியூர்க்காரர், ஊர்க்காரர் வழிகாட்டி, இல்லையென்றால் வேடிக்கை பார்ப்பவர். கண்மாய் எந்த வருடம் உடைந்தது, எந்தத் தெரு அதில் போனது, எந்தக் கிணற்றில் யார் தண்ணீர் எடுக்கக்கூடாது என்று இருந்தது என்பதெல்லாம் அங்கே நிற்கும் ஒரு பாட்டிக்குத் தெரியும். அந்த அம்மாவிடம் ஒலிபெருக்கியைக் கொடுக்க யாருக்கும் தோன்றுவதில்லை.

இன்னொன்று, பழசாக இருந்தால் மட்டும்தான் நமக்கு வரலாறு. கீழவளவில் சமணர் படுக்கைகளைப் பார்த்து வியக்கிறோம். பக்கத்திலேயே மேலவளவு இருக்கிறது. ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் என்பதற்காகவே முருகேசனும் அவரோடு பயணித்தவர்களும் பேருந்தை மறித்துக் கொல்லப்பட்டது 1997 ஜூன் 30 அன்று. இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய துறவிகளின் படுக்கையைத் தொட்டுப் பார்க்கிற நாம், நம் காலத்தில் நடந்த இந்தக் கொலைகளைப் பற்றி அதே மேடையில் பேச மாட்டோம் என்றால், நாம் வரலாறு பேசவில்லை, சுற்றுலா போகிறோம். உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில், சில சமூகங்களைப் பிறப்பாலேயே குற்றவாளிகள் என்று முத்திரை குத்திய வெள்ளையர் காலத்துக் குற்றப்பரம்பரைச் சட்டத்தை எதிர்த்து 1920இல் குண்டடிபட்டுச் செத்தவர்களை ஊரே நினைவில் வைத்திருக்கிறது. அந்த நினைவையும் இந்த வலியையும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். மனக்கசப்பு வரும், வாக்குவாதம் வரும். வரட்டும், பேசாமல் வைத்திருப்பதால் மட்டும் எதுவும் ஆறிவிடவில்லையே.

எங்கே கூடுவது? நூலகம் இருக்கிறது. நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதனின் முயற்சியில் 1948இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டம்தான் சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். இன்றைக்கும் நாம் கட்டும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்துதான் போகிறது. அந்தப் பணத்துக்குக் கிளை நூலகங்கள் போட்டித்தேர்வுக்குப் படிக்கும் இடமாக இருப்பது நல்லதுதான், அது மட்டும் போதாது. பல ஊர்களில் பெயரளவிலாவது வாசகர் வட்டம் இருக்கிறது. மாதம் ஒரு மாலை அதை ஊருக்குத் திறந்துவிடலாம். ஒரு மாதம் கண்மாய் மடை பார்த்தவர், ஒரு மாதம் நடவுப் பாட்டுப் பாடும் பெண்கள், இன்னொரு மாதம் அந்த வட்டாரத்துச் சிறுகதையை வாசித்துவிட்டு அது நிஜமா என்று ஊர்க்காரர்களையே கேட்பது. சொல்வதை ஒரு கைப்பேசியில் பதிவு செய்து, சொன்னவர் பெயரோடு நூலகத்திலேயே ஒரு பிரதி வைக்க வேண்டும். கூட்டம் ஊரின் எல்லாத் தெருக்காரர்களும் தயங்காமல் வந்து உட்காரக்கூடிய இடத்தில் நடக்க வேண்டும், இதில் மட்டும் சமரசமே கூடாது.

உங்கள் ஊர் வாசகர் வட்டத்தில் இருப்பவர்கள் அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுங்கள்.