மெத்தை வச்சுட்டா கடிவாளம் வலிக்காதா என்ன?

திட்றவங்க அப்புறம் திட்டிக்கோங்க, முதல்ல சொல்லிடறேன். "எர்கானமிக்", அதாவது உடம்புக்கு வாகா செஞ்சதுன்னு பேர் போட்டு வர்ற கடிவாளத்தை வாங்கி மாட்டிட்டா குதிரைக்கு நல்லது பண்ணிட்டோம்னு ஒரு நிம்மதி வருது பாருங்க, அந்த நிம்மதிதான் எனக்குப் பிரச்சனையே. ஏன்னா அந்த நிம்மதியில நானும் மூணு மாசம் சுகமா இருந்தேன், என் குதிரைதான் சுகமா இல்ல.

யாராவது என்கிட்ட எந்த கடிவாளம் வாங்கலாம்னு கேட்டா நான் திருப்பிக் கேக்குற ஒரே கேள்வி, தலையை அளந்தீங்களா? பெரும்பாலும் பதில் வராது. கலர் பாத்திருப்பாங்க, தோல் பாத்திருப்பாங்க, நெத்திப் பட்டையில கல்லு வச்சது வேணுமா வேணாமான்னு வீட்டுல சண்டையே போட்டிருப்பாங்க, ஆனா இன்ச் டேப்பை எடுத்துட்டு லாயத்துக்குப் போனவங்க ரொம்ப கம்மி. நானும் போகல, அதான் இவ்வளவு உரிமையா பேசுறேன்.

என் கருப்பி ரொம்ப சாது. கடிவாளத்தோட போய் நின்னா அவளே தலையைக் குனிஞ்சு குடுப்பா. அப்படிப்பட்டவளுக்கு ஆசை ஆசையா காசு சேத்து ஒண்ணு வாங்கினேன், தலைப் பட்டை அகலமா, காதுக்குப் பின்னாடி வளைச்சு வெட்டி, மூக்குப் பட்டை தலகாணி மாதிரி புசுபுசுன்னு இருக்கும். கையில புடிச்சுப் பாத்தா நமக்கே மாட்டிக்கலாம் போல இருக்கும். கொஞ்ச நாள்ல அவ தலையைத் தூக்க ஆரம்பிச்சா. காதுகிட்ட கை கொண்டு போனா வெடுக்குன்னு இழுத்துக்குவா. ஓட்டும்போது தலையை ஒரு பக்கமா சாய்ச்சுட்டே வர்றா. நான் என்ன நெனச்சேன்? திமிர் ஏறிடுச்சுன்னு நெனச்சேன். ஆடத் தெரியாதவ மேடை கோணல்னு சொன்னாளாம்னு ஒரு பழமொழி இருக்குல்ல, நான் அப்படியே தலைகீழ், மேடை நிஜமாவே கோணலா இருந்தப்ப ஆடுறவளைத் திட்டிட்டு இருந்தேன்.

லாயத்துல ஒரு பெரியவர் வேலை பாத்தாரு, எதுவுமே பேச மாட்டாரு. ஒரு நாள் நான் அவகிட்ட மல்லுக்கட்டறதைப் பாத்துட்டு வந்து, நெத்திப் பட்டைக்கும் காதோட அடிப்பகுதிக்கும் நடுவுல விரலை விட்டுப் பாத்தாரு. போகல. "ஏம்மா, சைஸ் பத்தாத செருப்பைக் குடுத்து நடன்னா நீ நடப்பியா"ன்னு கேட்டுட்டுப் போயிட்டாரு. அவ்வளவுதான் பாடம்.

நடந்தது இதுதான். நெத்திப் பட்டை அவளுக்குக் குட்டை. குட்டையான நெத்திப் பட்டை என்ன பண்ணும்னா, மேல இருக்குற தலைப் பட்டையை முன்னாடி இழுத்து காதோட வேர்ல கொண்டு போய் அழுத்தும். காதுக்கு இடம் விடணும்னு வளைச்சு வெட்டினாங்களே அந்த வளைவு, அதுவே காது மேல ஏறி உக்காந்திருக்கு. மெத்தை இருக்கு, டிசைன் இருக்கு, எல்லாம் ரெண்டு விரல் முன்னாடி தப்பான எடத்துல இருக்கு.

தலைதானே, எலும்புதானே, அங்க என்ன வலிக்கப் போகுதுன்னு கேக்குறவங்களுக்கு. காதுக்குப் பின்னாடி உச்சியில தோலுக்கு அடியில பெருசா சதையோ கொழுப்போ கெடையாது. கழுத்து முழுக்க ஓடி வர்ற பெரிய தசைநார் மண்டை எலும்புல வந்து ஒட்டுறது அங்கதான், அதுக்கு அடுத்தாப்ல முதல் கழுத்தெலும்பு, காதை ஆட்டுற குட்டி குட்டி தசைங்க எல்லாம் அதைச் சுத்தித்தான். கன்னத்துக்கு வாங்க. முகத்தை அசைக்கிற நரம்பு தாடையோட பெரிய தசை மேல தோலுக்குக் கீழயே ஓடுது. மயக்க மருந்து குடுத்து குதிரையைச் சாய்ச்சுப் படுக்க வச்சா டாக்டருங்க தலைக்கயிறைக் கழட்டிடுவாங்க, ஏன்னா அந்தக் கயிறோட வளையம் கன்னத்துல அழுத்தி ஒரு பக்க முகம் தொங்கிப் போறது தெரிஞ்ச விஷயம். அது படுத்திருக்கும்போது முழு எடையோட விழுற அழுத்தம், நம்ம பக்கிள் அவ்வளவு பண்ணாது, ஒத்துக்கறேன். ஆனா அந்த நரம்பு எவ்வளவு மேலாப்ல இருக்குன்னு புரியுதுல்ல? பக்கிளை தாடை மூட்டு மேல, நரம்பு மேல கொண்டு போய் நிறுத்தாதீங்கன்னு சொல்றது அதுக்குத்தான்.

இப்ப மூக்குப் பட்டை. எனக்கு இதுலதான் கோவம் அதிகமா வரும், கொஞ்சம் நீளமாவே போகும், பொறுத்துக்கோங்க.

குதிரையோட கன்னத்துல கண்ணுக்குக் கீழ இருந்து மூக்கைப் பாத்து ஓடுற ஒரு எலும்பு மேடு கைக்குத் தட்டுப்படும். அது முடியுற எடத்துக்கு ரெண்டு விரல் கீழ பட்டை இருக்கணும். மேடு மேலயே ஏறினா எலும்புல ஒரசும். ரொம்பக் கீழ எறங்கினா மூக்கெலும்பு மெலிசாகி முடியுற நுனி, அதுக்கும் கீழ குருத்தெலும்பு, அங்க அழுத்தினா மூச்சுக்கே தொந்தரவு. நம்ம மாதிரி வாயால மூச்சு விட்டு சமாளிக்க குதிரையால முடியாது, மூக்கு ஒண்ணுதான் வழி. இன்னொண்ணு யாரும் யோசிக்கிறதே இல்ல, குதிரைக்கு மேல் தாடை அகலம், கீழ் தாடை குறுகல். அதனால மேல் கடைவாய்ப் பல்லோட வெளி ஓரம் தேயாம கத்தி மாதிரி கூராகிடும். பட்டையை இறுக்கினா கன்னத்தோட உள்பக்கம் நேரா அந்தக் கத்தி மேலதான் போய் அழுந்தும். வெளிய எவ்வளவு மெத்தை வச்சாலும் உள்ள இருக்குற பல்லுக்கு யார் மெத்தை வைக்கிறது?

பட்டைக்கு அடியில ரெண்டு விரல் போகணும்ங்கறது பழைய கணக்கு, எல்லாருக்கும் தெரியும். எங்க விடணும்ங்கறதுலதான் ஏமாத்து வேலை. மூக்கெலும்புக்கு மேல, நட்ட நடுவுல விட்டுப் பாக்கணும். பக்கவாட்டுல கன்னத்துல விட்டா சதை அமுங்கும், எப்பவுமே போகும், "பாத்தீங்களா போகுது"ன்னு சொல்லிட்டுப் போயிடலாம். 2017ல வெளிவந்த ஒரு ஆய்வுல போட்டிக்கு வந்த 750 குதிரைங்களை அளந்து பாத்தாங்க. ரெண்டு விரல் எடம் இருந்தது 7 சதவீதத்துக்குத்தான், ஒரு விரல்கூட போகாம இறுக்கி இருந்தது 44 சதவீதம். இதெல்லாம் தெரியாதவங்க இல்ல, போட்டிக்கு ஏறுறவங்க. அப்புறம்தான் சர்வதேச குதிரையேற்ற சம்மேளனமே 2025ல ஒரே மாதிரி அளவுகோல் குடுத்து, மூக்கெலும்பு மேல ஒன்றரை சென்டிமீட்டர் எடம் இருக்கான்னு பாக்க ஆரம்பிச்சாங்க. விரலை நம்பினா ஆளாளுக்கு விரல் வேற வேற சைஸு, மனசும் வேற வேற சைஸு.

ஏன் இறுக்குறாங்க? குதிரை வாயைத் தொறக்கக் கூடாது, அதுக்குத்தான். வாயைத் தொறக்குறது பிட், அதாவது வாய்க்குள்ள போற கம்பி வலிக்குதுன்னு சொல்றதுக்கு, இல்ல பல் வலிக்கு, இல்ல மேல உக்காந்திருக்குறவரோட கை கல்லு மாதிரி இருக்குன்னு சொல்றதுக்கு. அதுக்கு பதில் சொல்லாம வாயைக் கட்டுறது என்ன நியாயம்? அதுவும் கிராங்க்னு ஒரு வகை, வார் வளையத்துல நுழைஞ்சு திரும்பி வரும், கப்பி மாதிரி, லேசா இழுத்தாலே நல்லா இறுகிடும். அதுலதான் மெத்தையும் தாராளமா வச்சு விக்கிறாங்க. என்னைக் கேட்டா அந்த மெத்தை குதிரைக்கு இல்ல, இறுக்குறவரோட மனசாட்சிக்கு.

மெத்தையைப் பத்தி ஒரு விஷயம் எனக்குப் புரியவே ரொம்ப நாளாச்சு. செருப்பு கடிக்குதுன்னா தடிமனா ஒரு சாக்ஸ் போட்டா சரியாகும்னு தோணும்ல, ஆனா ஷூவே டைட்டா இருந்தா சாக்ஸ் போட்டா இன்னும் டைட்டுதான். மெத்தை அழுத்தத்தைப் பரவலாக்கும், ஆனா அதுக்கு எடம் வேணும். அதே ஓட்டையில பழைய மெலிசு பட்டையும் புது தடிப் பட்டையும் மாட்டினா தடிப் பட்டைதான் அதிகமா இறுக்கும், சாதாரண கணக்கு. அகலமும் அப்படித்தான், அகலமா இருந்தா நல்லதுன்னு ஒரு பேச்சு ஓடுது, ஒடுங்கின கூரை மாதிரி உச்சி இருக்குற குதிரைக்கு தட்டையான வெறப்பான அகலப் பட்டையைப் போட்டா நடுவுல தொடாம ஓரத்துல மட்டும் குத்தும். வளைவும் மெத்தையும் அந்தத் தலையோட வடிவத்துக்கு உக்காந்தாதான் பிரயோஜனம்.

சரி, அளக்குறது எப்படி. பெரிய வித்தை எல்லாம் இல்ல. ஒரு வாய் ஓரத்துல இருந்து டேப்பை காதுக்குப் பின்னாடி உச்சி வழியா கொண்டு போய் அந்தப் பக்க வாய் ஓரம் வரைக்கும் ஒண்ணு. ஒரு காதுக்குப் பின்னாடி இருந்து நெத்தி வழியா அடுத்த காதுக்குப் பின்னாடி வரைக்கும் ஒண்ணு. மூக்குப் பட்டை வர்ற எடத்துல சுத்தளவு ஒண்ணு. தொண்டை வார்க்கு வேணும்னா காதுக்குப் பின்னாடி இருந்து தொண்டை வழியா. எழுதி வச்சுட்டு கடைக்காரர்கிட்ட அவங்க சைஸ் சார்ட்டைக் கேளுங்க. போனி (சின்னது), காப் (நடுத்தரம்), ஃபுல் (பெருசு)னு ஒரு சைஸ் பேரை நம்பி வாங்காதீங்க, ஒரு கம்பெனி காப் இன்னொரு கம்பெனி ஃபுல். தலை ஒரே சைஸ்ல வர்றதும் இல்ல. அரேபியக் குதிரையைப் பாருங்க, நெத்தி அகலம், முகம் குட்டை, மூக்கு ஒடுங்கி இருக்கும், அதுக்கு நெத்திப் பட்டை ஃபுல்லும் மத்ததெல்லாம் காப்பும் வேணும். தனித்தனியா விக்கிற எடமா பாத்து வாங்குறது அதுக்குத்தான். பக்கிள் நடு ஓட்டையில வந்து நிக்கிற மாதிரி பாருங்க, புதுத் தோல் இழுபடும், கடைசி ஓட்டையில ஆரம்பிச்சா அப்புறம் போக்கிடம் இல்ல. தொண்டை வார்ல நாலு விரல் தாராளமா போகணும், குதிரை கழுத்தை மடக்கும்போது அங்க எடம் வேணும்ல.

மூக்குப் பட்டையைத் தாங்குற மெல்லிசு வார் தலைப் பட்டைக்கு அடியில ஓடுதா இல்ல அதோட சேந்தே இருக்கான்னு ஒரு தடவை திருப்பிப் பாருங்க. மேல எவ்வளவு மெத்தை இருந்தாலும் அடியில ஒரு ஒல்லி வார் ஓடினா அது உச்சியில கோடு போடும். இதை யாரும் விளம்பரத்துல காட்ட மாட்டாங்க.

வேற டிசைன் எல்லாம் வீணான்னு கேட்டா, அப்படி சொல்லல. மிக்லெம்னு ஒண்ணு இருக்கு, வில்லியம் மிக்லெம்னு அயர்லாந்துல இருக்குற ஒருத்தர் பண்ணினது, முகத்து நரம்பு, கடைவாய்ப் பல்லு இதையெல்லாம் தவிர்த்துப் போற மாதிரி வார் ஓடும், நிறைய குதிரைக்கு நல்லா ஒத்துப் போறதைப் பாத்திருக்கேன், அதையும் மூச்சு முட்ட இறுக்கி ஓட்டுறவங்களையும் பாத்திருக்கேன். மூக்குப் பட்டையில கோத்து வாயைச் சுத்திக் கட்டுற ஃப்ளாஷ் வார் நான் போடறதில்ல, அது மூக்குப் பட்டையைக் கீழ இழுக்குது, அவ்வளவுதான் என் வாதம். பிட்டே இல்லாத கடிவாளம் போட்டா தொல்லையே இல்லன்னு சொல்றவங்களுக்கு, வாயில இருந்த அழுத்தம் மூக்குக்குப் போச்சு, காணாம போகல. அளவு அங்கயும் வேணும்.

மாட்டினதும் அப்படியே ஏறி ஓட்டாதீங்க, ஒரு கேரட் துண்டு குடுங்க. மென்னு முழுங்க முடியலன்னா பட்டை டைட்டு, வேற ஆராய்ச்சி தேவையில்ல. ஓட்டி முடிச்சு கழட்டினதும் வேர்வைத் தடத்தைப் பாருங்க, சுத்தி ஈரமா இருந்து நடுவுல ஒரு எடம் மட்டும் காஞ்சு இருந்தா அங்க என்னமோ இருக்கு. முடி ஒடைஞ்சிருக்கா, காதுக்குப் பின்னாடியோ மூக்கு மேலயோ புதுசா வெள்ளை முடி வருதான்னு பாருங்க, வெள்ளை முடி வர்ற அளவுக்குப் போச்சுன்னா ரொம்ப நாளா நடந்துட்டு இருக்குன்னு அர்த்தம். சூ டைசன்னு ஒரு கால்நடை மருத்துவர் ஓட்டும்போது குதிரை காட்டுற 24 நடத்தைங்களைப் பட்டியல் போட்டிருக்காங்க, காதைப் பின்னாடி மடக்குறது, தலையைச் சாய்க்கிறது, வாயைத் தொறந்து தொறந்து மூடுறது இதெல்லாம் அதுல இருக்கு, 8ஓ அதுக்கு மேலயோ இருந்தா உடம்புல எங்கயோ வலி இருக்க வாய்ப்பு அதிகம்னு. நாம திமிர்னு சொல்ற லிஸ்ட்டும் இதுவும் ஏறக்குறைய ஒண்ணு. எல்லாத்துக்கும் கடிவாளமே காரணம்னும் சொல்ல மாட்டேன், பல்லா இருக்கலாம், முதுகா இருக்கலாம், டாக்டரைக் கூப்பிட்டுப் பாத்துடுங்க.

கருப்பிக்கு நான் கடைசியில புதுசா கடிவாளம் வாங்கல. நெத்திப் பட்டை மட்டும் ஒரு சைஸ் பெருசா வாங்கி மாத்தினேன், மூக்குப் பட்டையை ரெண்டு ஓட்டை தளத்தினேன். தலைப் பட்டை தானா பின்னாடி போய் அதோட எடத்துல உக்காந்துடுச்சு. அடுத்த நாளே தலையைக் குனிஞ்சு குடுத்தான்னு எழுதினா நல்லாத்தான் இருக்கும், ஆனா அப்படி நடக்கல, பல வாரம் ஆச்சு. இப்பவும் வலது காதைத் தொட விட்டுடறா, இடது காதுக்குக் கை போனா மட்டும் ஒரு நொடி நின்னு யோசிச்சுட்டுத்தான் குடுக்குறா.