எவரெஸ்ட் அளக்காத எவரெஸ்ட்

வினாடி வினா விவகாரத்தை மறுபடி கிளறாதே என்று இன்பாக்ஸில் நாலு பேர் சொல்லிவிட்டார்கள். கிளறத்தான் போகிறேன். அந்தப் போட்டியில், உலகத்தின் மிக உயரமான சிகரமான எவரெஸ்ட்டின் உயரத்தைக் கணக்கிட்டவர் யார் என்ற கேள்விக்கு ராதாநாத் சிக்தார் என்று சொன்ன நம் தேவிகுளத்துப் பிள்ளைக்கு மார்க் இல்லை. ஜார்ஜ் எவரெஸ்ட் என்று சொன்ன பையனுக்கு முழு மார்க்.

ஜார்ஜ் எவரெஸ்ட் அந்த மலையை அளக்கவில்லை. 1843-லேயே இந்திய நில அளவைத் துறையின் தலைவர், அதாவது சர்வேயர் ஜெனரல், பதவியை விட்டு ஊருக்குப் போய்விட்டவர் அவர். நேபாளம் உள்ளே விடாததால் 1849-50-ல் சமவெளியில் ஆறு இடங்களில் தியோடலைட் என்ற கோணம் அளக்கும் கருவியை நிறுத்தி, 170 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து அத்துறையினர் கோணம் எடுத்தார்கள். கோணம் கிடைத்தால் உயரம் கிடைத்துவிடாது. அவ்வளவு தூரத்தில் பூமியின் வளைவே மலையை இரண்டு கிலோமீட்டருக்கு மேல் தாழ்த்திக் காட்டும். காற்றில் ஒளி வளைந்து வருவதால் உச்சி கொஞ்சம் மேலேறியும் தெரியும். எவ்வளவு என்பது வெப்பத்தையும் காற்றழுத்தத்தையும் பொறுத்துக் காலைக்கும் மதியத்துக்கும் மாறும். அதில் பிசகினால் நூற்றுக்கணக்கான அடி போச்சு. இத்தனையும் திருத்தித்தான், அப்போது 'பதினைந்தாம் சிகரம்' என்று மட்டும் குறிக்கப்பட்ட இந்த மலை 29,002 அடி என்று வந்தது. இன்றைய அளவு 8,848.86 மீட்டர், அதாவது 29,032 அடி. முப்பதே அடி வித்தியாசம்! அந்தக் கணக்கு வேலைக்குத் தலைமைக் கணிப்பாளர், வங்காளத்துக் கணித வல்லுநரான சிக்தார். தனியாளாகச் செய்தார் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் எவரெஸ்ட் செய்யவில்லை.

பெயர் எப்படி வந்தது? 1856-ல் அப்போதைய சர்வேயர் ஜெனரல் ஆண்ட்ரூ வா, உள்ளூர்ப் பெயர் தெரியவில்லை என்று சொல்லித் தன் பழைய அதிகாரியின் பெயரை முன்மொழிந்தார். திபெத்தியர் சொல்லும் சோமோலுங்மா என்ற பெயர் அதற்கு நூறு வருஷம் முன்பே பிரெஞ்சு வரைபடத்தில் ஏறியிருந்தது. எவரெஸ்ட்டே மறுத்தார்: என் பெயரை இந்தியில் எழுத வராது, அந்த ஊர்க்காரர் வாயில் நுழையாது என்றார். ஆனாலும் 1865-ல் லண்டனின் ராயல் ஜியோகிராபிகல் சொசைட்டி எவரெஸ்ட் என்ற பெயரையே உறுதி செய்தது. நேபாளத்தின் 'சகர்மாதா' பிற்பாடு வந்தது. வரலாற்றாளர் பாபுராம் ஆச்சார்யா பரப்பியது.

"பல பெயர் இருந்தால் எதை எடுப்பது?" என்கிறார்கள். நியாயமான கேள்விதான், அன்றும் அந்தக் குழப்பம் இருந்தது. ஆனால் குழப்பம் வேறு, பெயரே இல்லை என்பது வேறு.

"பெயரில் என்ன இருக்கிறது?" என்பவர்களுக்கு: முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை என்ற மூன்று ஆறுகளும் சேர்கிற இடம் என்று நம் மூணாறு என்ற பெயரே சொல்கிறது. ஆனைமுடியைப் பார்த்தால் ஆனையின் நெற்றி தெரிகிறது. இங்கே ஒரு துரை வந்து, உள்ளூர்ப் பெயர் தெரியவில்லை என்று தன் மேலதிகாரியின் பெயரை எழுதிவிட்டுப் போயிருந்தால் அந்தக் கேள்வியைக் கேட்பீர்களா? இந்த மலையில் நாலு தலைமுறையாகக் கொழுந்து கிள்ளுகிற நமக்கே, யாருடைய பெயர் பலகையில் ஏறும், யாருடையது ஏறாது என்று தெரியாதா?

சரியான பதில் சொன்ன பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. நடுவர்கள் அந்த மார்க்கைத் திருத்தட்டும்.